கிருஷ்ணகிரியிலிருந்து திராட்சைத் தோட்டம் பார்க்க நாலு நாள்: தேதியைக் கவாத்து சொல்லட்டும்

கேள்வி இதுதான்: கிருஷ்ணகிரியிலிருந்து ஐந்து பேர், சொந்தக் கார், நாலு நாள் விடுமுறை. நீங்கள், உங்கள் மனைவி, அக்கா, மாமா, கூடவே அம்மா. திராட்சைத் தோட்டங்களையும் ஒயின் தயாரிக்கும் இடங்களையும் பார்க்க வேண்டும். நாசிக் போகலாமா, கம்பம் போகலாமா, இல்லை பெங்களூர்ப் பக்கமே போதுமா? ஜூன் மாதம் லீவு கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஜூனை மாற்ற முடியுமா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பழப்பயிர் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். திராட்சைத் தோட்டம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் வரைபடத்தில் தொடங்குகிறார்கள். எத்தனை கிலோமீட்டர், எந்த ரோடு, எங்கே தங்குவது என்று. தொடங்க வேண்டியது கவாத்திலிருந்து, அதாவது கொடியை வெட்டிவிடும் வேலையிலிருந்து. குளிர் நாடுகளில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், பருவத்தை வானமே கொடுத்துவிடும். நம் பக்கத்தில் அந்தக் குளிர் இல்லை. கொடி பாட்டுக்கு வருடம் முழுக்கப் பச்சையாகவே ஓடும். இங்கே அதற்குப் பருவம் கொடுப்பது கவாத்துக் கத்திரிதான். கர்நாடகத்தில் பொதுவாக ஏப்ரலில் ஒரு முறை வெட்டுவார்கள், அது கொடியைத் திடப்படுத்த. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இன்னொரு முறை வெட்டுவார்கள், அது காய்க்க. அந்த இரண்டாம் வெட்டிலிருந்து நாலைந்து மாதம் எண்ணினால் அறுவடை. ஆக பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் நீங்கள் போக வேண்டிய காலம். குலையும் கொடியில் இருக்கும், ஆலையில் பழம் நசுக்கும் வேலையும் நடக்கும்.

ஒரு தடவை ஜூன் கடைசியில் சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு பெங்களூருக்கு வடக்கே உள்ள நந்தி மலை அடிவாரத்துக்குப் போனேன். பந்தல் முழுக்கப் பச்சை இலை, ஒரு காய் கிடையாது. ஆலைக்குள் டேங்குகள் கழுவிக் கவிழ்த்ததுபோல அமைதியாக இருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் கூட வந்த பிள்ளைகள் "திராட்சை எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்த பிறகு பருவம் தவறி யாரையும் அழைத்துப் போனதில்லை.

லீவை மாற்றவே முடியாது, ஜூன்தான் என்றால் கம்பம் போங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு மாதம் கவாத்து செய்வதால் எப்போது போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடை எடுக்கிறவர்கள் உண்டு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று சுற்றினால் போதும். ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத் திராட்சை. தர்மபுரி, சேலம், கரூர், திண்டுக்கல், தேனி என்று போக ஏழெட்டு மணி நேரம் ஆகும். சுருளி அருவியும் இருக்கிறது, அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் அது சாப்பிடும் திராட்சையைப் பார்க்கும் பயணம், ஒயினுக்கான பயணம் அல்ல. கம்பத்தையும் நந்தியையும் ஒரே பயணத்தில் போட்டுவிடாதீர்கள். ஒன்று தெற்கே, மற்றது வடக்கே. நாலு நாளும் காருக்குள்ளேயே போய்விடும்.

நாசிக் இந்தியாவின் பெரிய ஒயின் ஊர், மறுப்பில்லை. ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல். நாலு நாளில் காரில் போய் வருகிற இடமில்லை. ரயிலோ விமானமோ பிடித்துத் தனியாகப் போங்கள்.

சரி, பிப்ரவரியில் பெங்களூர்ப் பக்கம் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதல் நாள் விடிந்ததும் கிளம்புங்கள். குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை ஏறும்போதே காற்று மாறுவது உங்களுக்குத் தெரியும். கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நந்தி அடிவாரம் 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது. இந்த 400 மீட்டர் வித்தியாசம்தான் நம்மூரில் மாவையும் அங்கே திராட்சையையும் வைத்திருக்கிறது என்று சொன்னால் பாதி சரி. பகலில் நல்ல வெயில், ராத்திரியில் குளிர்ச்சி. பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறும், ராத்திரிக் குளிர்ச்சியில் புளிப்பு கரைந்து போகாமல் நிற்கும். ஒயினுக்கு இரண்டும் வேண்டும்.

ஓசூரில் டிபன் முடித்துவிட்டு பெங்களூருக்குள் நுழையாதீர்கள். அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று மாட்டினால் காலைப் பொழுது அங்கேயே முடியும். பாகலூர் வழியாக மாலூர், அங்கிருந்து ஹொஸ்கோட்டே, அப்புறம் தேவனஹள்ளி. மொத்தம் 160 கிலோமீட்டர் அளவுதான் வரும், ஆனாலும் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் லாரி, டிராக்டர், சந்தைக் கூட்டம் எல்லாம் உண்டு. தங்குவதற்கு தேவனஹள்ளி அல்லது சிக்கபள்ளாப்பூர். இரண்டு ராத்திரியும் ஒரே இடத்தில் தங்குங்கள். அம்மாவோடு போகும்போது தினமும் பெட்டி கட்டி அவிழ்ப்பதுதான் பெரிய அலைச்சல்.

அன்று சாயங்காலம் ஆலை வேண்டாம். சும்மா சிக்கபள்ளாப்பூர்ச் சாலையோரத் தோட்டங்களைப் பாருங்கள். இங்கே விளைவதில் பெரும்பாலானவை சாப்பிடும் ரகங்கள்: தில்குஷ், சரத், ரெட் குளோப், அப்புறம் பெங்களூர் நீலம். இந்தக் கடைசிப் பழம் உங்களுக்குத் தெரியாததல்ல. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டியில் கருப்பாகக் குவித்து வைத்திருக்கும் கொட்டைத் திராட்சைதான் அது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஒன்றைப் பறித்து விரலால் அழுத்திப் பாருங்கள். தடித்த தோல் சட்டையைக் கழற்றுவதுபோல் தனியே வந்துவிடும். உள்ளே வழவழவென்று ஒரு பச்சை உருண்டை, நடுவில் கொட்டை. தோலை மட்டும் மென்றால் நாக்கு பிடித்துக்கொள்ளும், உருண்டை இனிக்கும். அந்த மணம் கையைக் கழுவிய பிறகும் போகாது. ஜூஸ், ஜாம், இனிப்பான போர்ட் வகை ஒயின் எல்லாம் இதிலிருந்து வருகின்றன.

யார் தோட்டத்திலும் கேட்காமல் நுழைய வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் யாராவது ஒருவர் வண்டியில் இருப்பார்கள். சிக்கபள்ளாப்பூர், கோலார்ப் பக்கம் இரண்டும் ஓடும். "கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறோம், மாந்தோப்புக்காரர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தோட்டக்காரர் உங்கள் பெங்களூரா மாம்பழத்தின் விலை என்ன என்று விசாரிப்பார், நீங்கள் அவருடைய மருந்துச் செலவை விசாரிப்பீர்கள், அரை மணி நேரம் போவதே தெரியாது. பறித்ததும் கழுவாமல் வாயில் போடாதீர்கள். பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் இருப்பது பழத்தின் இயற்கையான மெழுகு, அது கெடுதல் இல்லை. ஆனால் மழையோ பனியோ பெய்தால் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து அடித்திருப்பார்கள். கடைசியாக எப்போது அடித்தார்கள் என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

இரண்டாம் நாள்தான் முக்கியமான நாள். தேவனஹள்ளியிலிருந்து தொட்டபள்ளாப்பூர் போகும் சாலையில், ரகுநாதபுரா பக்கம் குரோவர் ஜம்பா தோட்டம் இருக்கிறது. கன்வல் குரோவர் 1988இல் தொடங்கியது. பிரெஞ்சு ஒயின் ரகங்களை நம் தென்னிந்திய மண்ணில் வளர்த்துப் பார்க்கலாம் என்று துணிந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். பின்னாளில், 2012இல், நாசிக் பக்கத்து நிறுவனம் ஒன்றோடு இணைந்ததால் பெயரில் ஜம்பா சேர்ந்தது. பத்து மணிச் சுற்றுக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் தோட்டம் பார்த்துவிடலாம்.

இங்கே ஒரு விஷயம் பாருங்கள். முதல் நாள் பார்த்தது தலைக்கு மேல் விரிந்த பந்தல், அடியில் நிழல். ஒயின் தோட்டத்தில் பெரும்பாலும் பந்தல் இருக்காது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, வரிசை வரிசையாக வேலிபோல் கொடியை நிறுத்தியிருப்பார்கள். நிழல் குறைந்து குலைமேல் காற்றும் வெளிச்சமும் படுவதற்காக. குலையும் சின்னது, பழமும் சின்னது, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பார்த்ததும் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். சின்னப் பழமாக இருப்பதுதான் நல்லது. சாறு குறைவு, அதற்குத் தோல் அதிகம். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன.

கூட வருகிறவர் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருந்தால் பார்க்கக் கேளுங்கள். பேனா டார்ச் அளவில் ஒரு குழாய். கண்ணாடிமேல் ஒரு பழத்தைப் பிழிந்து ஒரு சொட்டு விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஓர் எண்ணில் நிற்கும். அதுதான் பிரிக்ஸ், சாற்றின் சர்க்கரை அளவு. சாப்பிடும் திராட்சையை 16, 18இல் பறித்துவிடுவார்கள். ஒயினுக்கு 22, 24 வரை காத்திருப்பார்கள். 24 பிரிக்ஸ் சாறு முழுதும் புளித்தால் கிட்டத்தட்ட 13 சதவீத ஆல்கஹால் வரும். அனுபவசாலிகள் கருவியை மட்டும் நம்ப மாட்டார்கள், கொட்டையைக் கடித்துப் பார்ப்பார்கள். கொட்டை பச்சையாக இருந்தால் கசக்கும். பழுப்பேறி, வறுத்த கடலைபோல் நொறுங்கினால் பழம் தயார். நீங்களும் கடித்துப் பாருங்கள்.

பிப்ரவரியில் ஆலைக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை முகத்தில் அடிக்கும். தோசை மாவு பொங்கி வழிந்த அடுக்களை வாசனையும் பழுத்த பழ வாசனையும் கலந்தால் எப்படி இருக்குமோ அப்படி. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் புளிக்க விடுவார்கள். சிவப்புக்குத் தோலோடு புளிக்கும். புளிக்கும்போது தோலெல்லாம் மேலே மிதந்து தடித்த ஆடைபோல் கட்டிக்கொள்ளும். அதை அமுக்கிவிடவோ அடிச்சாற்றை எடுத்து மேலே ஊற்றவோ வேண்டும், ஒரு நாளில் பல தடவை. டேங்குகளைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும், இல்லையென்றால் நம் வெப்பத்தில் ஈஸ்ட் கண்மண் தெரியாமல் வேலை செய்து மணத்தை விரட்டிவிடும். ஓக் பீப்பாய் அறையில் பொதுவாக 225 லிட்டர் பீப்பாய்கள். ஒன்றிலிருந்து 300 பாட்டில் கிடைக்கும். அந்த அறை நல்ல குளிர்ச்சியாக இருக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

ருசி பார்ப்பதைப் பற்றி மாமா கேட்டிருக்கிறார். வெறும் வயிற்றில் வேண்டாம். கொடுக்கிற ஒவ்வொன்றையும் முழுதாகக் குடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முதலில் முகர்ந்து, ஒரு வாய் வைத்து நாக்கு முழுக்கப் படவிட்டு, மீதியைப் பக்கத்தில் வைத்திருக்கும் குவளையில் ஊற்றிவிடலாம். அது அவமரியாதை ஆகாது, அதற்காகத்தான் குவளை வைத்திருக்கிறார்கள். சோவிஞோன் பிளாங்க், ஷிராஸ், கேபர்னே சோவிஞோன் என்று மூன்றை அடுத்தடுத்து ருசித்தால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும். முதலாவதில் புளிப்பு, இரண்டாவதில் மிளகுக் காரம் மாதிரி ஒரு நெடி, மூன்றாவதில் துவர்ப்பு. தோட்டத்தில் தோலை மென்று பார்த்திருந்தால் அந்தத் துவர்ப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

அம்மாவுக்கும், குடிக்காத வேறு யாருக்கும், அதே ஒரு மணி நேரத்தில் வேறு வேலை இருக்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். நந்தி கிராமத்தில் போகநந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. கல்யாண மண்டபத்துத் தூண் வேலைப்பாடும் படிக்கட்டுக் குளமும் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. சுற்றில் எல்லோரும் சேர்ந்து தோட்டத்தையும் ஆலையையும் பாருங்கள். ருசி பார்க்கிற நேரத்துக்கு அம்மாவும் அக்காவும் டிரைவரோடு கோயிலுக்குப் போகட்டும். முத்தேனஹள்ளியில் விஸ்வேஸ்வரய்யா பிறந்த இடமும் பக்கத்தில்தான். மலைமேல் போக ஆசை இருந்தால் வார நாளில் போங்கள். சனி, ஞாயிறு விடியற்காலை நந்தி மலைப் பாதை முழுக்கப் பெங்களூர் வண்டிகளாக நிற்கும்.

டிரைவர் என்று சொன்னேன் அல்லவா, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆக்டிங் டிரைவர் ஒருவரை நாலு நாளுக்கும் பேசி அழைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தாலே குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ருசி மட்டும்தான் பார்த்தேன்" என்பது நாலைந்து கிளாஸ் ஆனால் அந்த அளவை நெருங்கிவிடும். சட்டத்தை விடுங்கள், வண்டியில் ஐந்து பேர் இருக்கிறீர்கள். மாமா "நான் ஓட்டிக்கிறேன்" என்றால் அவர் கிளாஸைத் தொடாமல் இருக்க வேண்டும், அது அவருக்கு அநியாயம். டிரைவருக்குத் தங்க ஒரு கட்டிலும் நேரத்துக்குச் சாப்பாடும் உங்கள் கணக்கில் இருக்கட்டும். மஞ்சள் போர்டு வண்டி எடுத்தால் கர்நாடகத்துக்குத் தனி பெர்மிட், வரி எல்லாம் உண்டு. சொந்த வண்டி, ஆக்டிங் டிரைவர் என்பதுதான் சுலபம்.

மூன்றாம் நாள் காலை மெதுவாகக் கிளம்பி தொட்டபள்ளாப்பூர், தாபஸ்பேட்டை, மாகடி, ராமநகரா வழியாகச் சன்னபட்டணா. இதிலும் பெங்களூரைத் தொடவே இல்லை. மூன்று, மூன்றரை மணி நேரம். மாகடிக்கு அப்புறம் வருகிற பாறை மலைகள் நம் கிருஷ்ணகிரிக் குன்றுகளின் சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கும். ராமநகரா பட்டுக்கூடு மார்க்கெட், கூடு வளர்க்கும் நம்மூர்க்காரர்கள் பலருக்குப் புதிதல்ல. காலையில் போனால்தான் ஏலம் பார்க்க முடியும், அதனால் அதை நாலாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று மத்தியானம் ஓய்வு, சாயங்காலம் சன்னபட்டணா மரப்பொம்மைக் கடைகள். அரக்கு பூசும் பட்டறை ஒன்றில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

நாலாம் நாள் கூடு மார்க்கெட்டை முடித்துவிட்டு சன்னபட்டணா அருகிலுள்ள ஒயின் ஆலை. முன்பு ஹெரிட்டேஜ் ஒயினரி என்று இருந்தது, இப்போது நாசிக் சுலா நிறுவனத்திடம் டொமைன் சுலா என்ற பெயரில் நடக்கிறது. ஒரு நாளைக்கு ஓர் ஆலைக்கு மேல் வேண்டாம். இரண்டாவது ஆலையில் நாக்கும் ஓய்ந்துவிடும், காதும் ஓய்ந்துவிடும், அதே டேங்கு, அதே விளக்கம். மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே முடித்து மூன்று மணிக்குள் கிளம்பினால், நைஸ் ரோடு வழியாக எலக்ட்ரானிக் சிட்டி போய் ஆபீஸ் விடும் நெரிசலுக்கு முன் அத்திப்பள்ளியைத் தாண்டிவிடலாம்.

பதிவு செய்ததை முந்தின நாள் போனில் மறுபடி உறுதிப்படுத்துங்கள். ஒரு தடவை பதிவு செய்துவிட்டு ஓர் ஆலைக்குப் போனேன். வாசலில் "இன்று கம்பெனி விழா, சுற்று இல்லை" என்றார்கள். இரண்டு மணி நேர ஓட்டம் வீண். ஜனவரி 26, அக்டோபர் 2 மாதிரி நாட்களில் மது விற்பனை இருக்காது, தேர்தல் நேரத்திலும் அப்படித்தான். நீண்ட வார இறுதி என்று பார்த்து அந்தத் தேதியிலேயே போய் நிற்காதீர்கள். ருசி பார்க்கப் போகிற எல்லோரும் வயதுச் சான்றுக்கு அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பாட்டில் வாங்கி வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கர்நாடகத்தில் பில்லோடு வாங்கியது என்றாலும் அனுமதியில்லாமல் தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுவந்தால் நம் மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு வரும், வண்டியையே பறிமுதல் செய்யவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஓசூர் எல்லையில், ஜூஜூவாடியில் சோதனை நடக்கிறதா இல்லையா என்று கணக்குப் போடுகிற விஷயமில்லை இது. பிடித்த ஒயினை அங்கேயே மத்தியானச் சாப்பாட்டோடு வாங்கிக் குடித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வாங்கி வர வேண்டியது பழம். சிக்கபள்ளாப்பூரிலிருந்து கிளம்பும் காலையில் பெட்டியில் வாங்குங்கள். காம்பு பச்சையாக இருக்கிறதா, குலையைத் தூக்கி லேசாக ஆட்டினால் பழம் உதிராமல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். டிக்கியில் வைக்காதீர்கள், வெயிலில் வெந்துவிடும். சீட்டுக்குக் கீழே, ஏசி படும் இடத்தில் வையுங்கள். மூன்றாம் நாள் ராத்திரி அறைக்குள் எடுத்துப் போங்கள். கழுவுவதை வீட்டுக்கு வந்த பிறகு, சாப்பிடும் அளவுக்கு மட்டும் செய்தால் போதும். ஈரம் பட்ட குலை அடுத்த நாளே பூசணம் பிடித்துவிடும்.